வராத இரண்டாம் கட்டம்

கேளம்பாக்கத்தில் எங்கள் ஆபீஸ். ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை. கிளெய்ம் பார்க்கும் சிஸ்டம் நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்டது. அதன் முன்னால் ஏபிஐ கேட்வே ஒன்றை வைப்பதாக முடிவானது. ஆஸ்பத்திரியோ மொபைல் ஆப்போ, யாராக இருந்தாலும் கேட்வேயிடம்தான் கேட்க வேண்டும்; அது உள்ளே கேட்டுப் பதில் வாங்கித் தரும்.

"இது முதல் கட்டம். ரெண்டாம் கட்டத்துல பின்னாடி இருக்கிற பழசை ஒவ்வொண்ணா கழட்டிட்டு புதுசு மாட்டிடலாம். வெளியில யாருக்கும் தெரியவே தெரியாது," என்றார் எங்கள் டீம் லீட். நான் நம்பினேன்.

முதல் கட்டம் முடிந்ததும் கேக் வெட்டினோம். புது ஆப் அழகாக இருந்தது. அதுவே வினையாகப் போயிற்று. "அதான் நல்லா ஓடுதே, பின்னாடி எதுக்குக் கை வைக்கணும்?" என்றது மேலிடம். டீம் லீட் மீட்டிங் மீட்டிங்காகப் பேசி ஓய்ந்து, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஒரே நேரத்தில் நிறையப் பேர் கேட்டால் பழைய சிஸ்டம் திணறும். அதைக் காப்பாற்ற, கேட்வே ஒரு லிமிட்டுக்கு மேல் வருகிறவர்களைத் தடுத்து நிறுத்தும்.

அஸ்தினாபுரத்தில் எதிர்வீட்டு அக்காவின் கணவருக்குத் தாம்பரத்தில் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் அன்று துணைக்குப் போயிருந்தேன். அவரிடம் இருந்ததும் அதே கம்பெனியின் காப்பீடுதான்; காலையிலிருந்து பில்லுக்கு அப்ரூவல் வரவில்லை. படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதால், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா போனை நீட்டினார். 'சற்று நேரம் கழித்து முயலவும்.' நான் எழுதிய வரி.

"உன் ஆபீஸ்தானேம்மா, யார்கிட்டயாவது சொல்லேன்."

போன் போட்டேன். "லிமிட்டை ஏத்தினா மொத்தமா படுத்துடும். உனக்கே தெரியுமே," என்றான் டூட்டியில் இருந்தவன்.

தெரியும்.

"சொல்லியிருக்கேன்க்கா," என்றேன்.

சாயங்காலம் அப்ரூவல் தானாக வந்தது. நான் சொன்னதால்தான் வந்தது என்று நினைத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.

அடுத்த மீட்டிங்கில் நடந்ததைச் சொல்லி, பழசை மாற்றியே ஆக வேண்டும் என்றேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். புதிதாக ஒரு கன்சல்டன்ட் வந்திருப்பதாகவும், அவர் நல்ல யோசனை கொடுத்திருப்பதாகவும் சொன்னார். எங்கள் கேட்வேக்கு முன்னால் இன்னொரு கேட்வே.

இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. புது டீமுக்கு விளக்கிச் சொல்ல என்னைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கட்டியதைத்தான் அவர்கள் 'பழைய சிஸ்டம்' என்கிறார்கள். கேட்டுக்கொண்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போகிறேன்.