மேடையில் அவருக்குக் கிடைத்த பட்டம்

அந்த ஃப்ளெக்ஸ் பேனர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேலே தலைவர்கள். நடுவில் மாவட்டம், ஒன்றியம், பேரூர் என்று கைகூப்பிய முகங்கள். கீழே வலது மூலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதில் மங்கிப்போன ஒரு பெண்ணின் முகம். அவள் செத்ததற்கு நியாயம் கேட்டுத்தான் அன்று காலை சங்கராபுரத்தில் கண்டன ஆர்ப்பாட்டம். ஒன்றியச் செயலாளரின் மீசை அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. மைக் செட் என்னுடையது. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவேன். எல்லாருடைய கோபத்தையும் ஒரே பெட்டி வழியாகக் கேட்டுச் சலித்த காது இது.

அவளுடைய கணவர் மேடைக்குப் பின்னால் என் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்றிருந்தார். கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக் கிராமம், கொஞ்சம் மரவள்ளி, ஒரு பெண் குழந்தை. மனைவிக்குக் காய்ச்சல் என்று ஊரிலேயே அறை எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் கூட்டிப் போயிருக்கிறார். அந்த ஆள் எங்கேயோ மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவன். வாசலில் 'டாக்டர்' என்று போர்டு. ஊசி போட்டதும் அவள் வலிப்பு வந்து துடித்தாள். மலையிறங்கும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவனைக் கைது செய்தார்கள். ஜாமீன் கேட்டபோது அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றார். கடைசியில் பெரிய சட்டப் பிரிவைக் கைவிட்டுச் சின்னப் பிரிவில் வழக்கை முடித்தார்கள். அவன் அபராதம் கட்டிவிட்டு பஸ் ஏறினான். மனைவியை இழந்த நம்மவர் கோர்ட்டுக்குள்தான் நின்றிருந்தாராம். வழக்கு முடிந்துவிட்டது என்பதே, அந்த ஆள் தன்னைத் தாண்டி வெளியே நடந்து போனபோதுதான் தெரிந்தது என்றார். அரசு அப்பீல் போனால்தான் இனி வழி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்ப்பாட்டத்துக்கு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்து மேடைகளில் வெறும் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது. வழக்கறிஞர் இன்னார், பொறியாளர் இன்னார், முனைவர் இன்னார். ஒருவருக்கு அடைமொழி விட்டுப்போனால் அவர் ஆட்கள் மேடையேறி அறிவிப்பாளரின் சட்டையைப் பிடிப்பார்கள்; நானே இரண்டு மைக் ஸ்டாண்டை அப்படி இழந்திருக்கிறேன். அறிவிப்பாளர் தம்பி குனிந்து என்னிடம் கேட்டான்: "இவர இன்னான்னு கூப்புடறதுண்ணே?" பேரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன். "வெறும் பேரா? மத்தவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று யோசித்தவன், மைக்கைத் தட்டிவிட்டு முழங்கினான்: "மரியாதைக்குரிய பாதிக்கப்பட்டவர் அவர்களே, வருக வருக!" அந்த மனிதர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் என்னோடேயே நின்றார். நான்தான் முதுகைத் தொட்டு ஏற்றிவிட்டேன்.

வழக்கறிஞர் அணிக்காரர் ஒருவர் அன்று பேசிய பேச்சு இருக்கிறதே, எனக்கே ரத்தம் சூடாகிவிட்டது. அரசு வக்கீல் யாருக்கு வக்கீல், படிக்காதவன் டாக்டர் என்றால் படித்தவன் யார் என்று வெளுத்து வாங்கினார். ஆனால் அவரவர் அடைமொழியும் அவரவர் தலைவரின் அடைமொழியும் சொல்லி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. முடிக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மைக் அந்தக் கணவரிடம் வந்தபோது, "அப்பீலு போடச் சொல்லுங்க. அது போதும்" என்றார். அவ்வளவுதான். கைதட்டினார்கள். கைதட்டுகிற விஷயமா அது?

அடுத்த வாரம் அதே இடத்தில் ஆளுங்கட்சியின் பதிலடிக் கூட்டம். அதே செட்தான். போலி டாக்டரைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன யோக்கியதை, இவர்கள் தலைவருக்கு எந்தக் காலேஜ் டாக்டர் பட்டம் கொடுத்தது என்று ஆரம்பித்தார்கள். அதற்கு முதலில் ஆர்ப்பாட்டம் வைத்த கட்சிக்காரர்கள் வடக்கனந்தலில் ஒரு பதில் கூட்டம் போட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் எனக்கு நல்ல வருமானம். யார் பட்டம் அசல், யார் பட்டம் ஓசி என்பதிலேயே இரண்டு கட்சியும் கிடந்தன. செத்தவள் பேரை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. நானும் ஒயரைச் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த மேடைக்குப் போவேன்.

பிறகு ஆட்சி மாறியது. அன்று ரத்தம் சூடாகப் பேசிய வழக்கறிஞர் அணிக்காரரே அரசு வக்கீல் ஆனார். நம்மவர் நம்பிக்கையோடு அவரைப் பார்க்கப் போனார். வாசல் பலகையில் வக்கீல் பெயருக்கு முன்னால் புதிதாக இரண்டு வரி சேர்ந்திருந்ததாம். "காலம் தாண்டிப்போச்சுப்பா, மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். பல முறை போயும் அதே பதில். போன மாதம், இப்போது எதிர்க்கட்சியாகிவிட்டவர்கள் அதே அரசு வக்கீலைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் வைத்தார்கள். மலையிலிருந்து அவரையும் வரவழைத்திருந்தார்கள். இந்த முறை அறிவிப்பாளர் யோசிக்கவே இல்லை. "பாதிக்கப்பட்டவர் அவர்களே" என்றதும் அவரும் தயங்காமல் மேடையேறிக் கும்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, அந்த 'டாக்டர்' போர்டுக்காரன் இப்போது எங்கே என்று கேட்டேன்.

"எங்கூர்லதான் கீறாரு. போர்டு மட்டும் எடுத்துட்டாரு."

"உங்க ஊர்லயா? அவன் மூஞ்சில எப்படிங்க முழிக்கிறீங்க?"

டீயை ஆற்றினார்.

"போன மழையில பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது. மரம் வுழுந்து பஸ் வரல. தூக்கிக்கினு எங்க போறதுங்க? அவருகிட்டதான் போனேன். என்னப் பாத்ததும் அவரு எழுந்து பின்னால நவுந்தாரு. நான்தான் கையெடுத்துக் கும்புட்டேன். ஊசி மட்டும் வேணாம் டாக்டர், மாத்திர குடுங்க, போதும்னேன்."