நெற்றியின் நிறத்தில் ஒரு பூச்சு

என் எழுத்து சீராக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்குப் பூசும் சாமான்கள் செய்கிற கொம்பனிக்காரரிடம் சொல்ல எனக்குச் சில ஆசைகள் உண்டு. எழுபது தாண்டிய பண்டத்தரிப்புக் கிழவிக்கு இது என்ன ஆசை என்று நீங்கள் நினைக்கலாம். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பவுடர், மை, உதட்டுச் சாயம் எல்லாம் விருப்பம். பூசிக்கொண்டு வெளியே போனதில்லை, வெட்கம். கனடாவில் இருக்கும் மகள் அனுப்பும் பெட்டியில் வருவதை அறைக்குள் பூசிப் பார்த்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவிவிடுவேன். சோறு வேகும் நேரத்தில் போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெண்கள் முகம் பூசும் வீடியோக்கள் பார்ப்பேன்.

"இஞ்சேரும், உதைப் பூசிக்கொண்டு ஆரைப் பாக்கப் போறீர்?" என்று என் கணவர் கேட்பார்.

"உங்களைத்தான். வேறை ஆர் இருக்கினம் வீட்டிலை?"

"அப்ப எனக்கும் கொஞ்சம் பூசிவிடும். நீரும் பயப்பிடாமல் பாக்கலாம்."

மூடிகள் விரல் முட்டு நோகாமல் திறபட வேண்டும் என்பது என் ஒரு ஆசை. எது எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒருமுறை கால் வெடிப்புக்கு வந்த கிறீமைக் கன்னத்தில் பூசிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். உதட்டுச் சாயம் வெற்றிலை போட்ட வாயின் நிறத்தில் வந்தால் பூசியது ஒருவருக்கும் தெரியாது, வெளியே போகலாம். இவையெல்லாம் சின்ன ஆசைகள். பெரிய ஆசை மச்சாளின் நெற்றியைப் பார்த்தபோது வந்தது.

மச்சாள் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கிறாள். கல்யாணமான காலத்தில் சாந்துப் பொட்டு வைத்தவள், ஒட்டுப் பொட்டு வந்த பிறகு அதற்கு மாறினாள். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் ஒட்டி ஒட்டி, பசை பட்ட தோல் வெளுத்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளையை மறைக்கப் பெரிய பொட்டு வாங்கினாள். பெரிய பொட்டின் பசை வெள்ளையையும் பெரிதாக்கியது. அதற்கும் பெரிய பொட்டு.

போன வருடம் அவள் கணவர் திடீரென்று மோசம் போனார். முறைப்படி பொட்டை எடுத்தார்கள். அதன் கீழே சட்டைப் பொத்தான் அளவில், சுண்ணாம்பால் வைத்ததுபோல ஒரு வட்டம். செத்தவீட்டுக்கு வந்த ஒருத்தி எனக்குப் பின்னால் நின்று மற்றவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"உவ இன்னும் பொட்டைக் கழட்டேல்லையே? வெள்ளைப் பொட்டெல்லே வைச்சிருக்கிறா."

மச்சாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து நாளுக்குப் பத்துத் தரம் திருநீறு பூசத் தொடங்கினாள். புருஷன் போன பிறகு சரியான பக்தி வந்துவிட்டது என்று ஊர் பேசியது. வியர்த்தால் திருநீறு கொட்டிவிடும், வட்டம் கொட்டாது. அதனால் கடைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. தோல் டொக்டர், பசையால் வந்திருக்கலாம், இனி அந்த இடத்தில் ஒன்றும் ஒட்ட வேண்டாம், நிறம் திரும்ப நாளெடுக்கும் என்றார். பொறுத்திருக்க அவளுக்கு நாள் இல்லை. ஆட்டத்திவசம், அதுதான் வருடத் திவசம், முடிந்த கையோடு அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம்.

தகப்பன் இல்லாததால் தாய்மாமனும் மாமியுமாகிய நாங்கள் இருந்து தாரை வார்ப்பதென்று முடிவானது. மச்சாள் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்றாள்.

"நீங்கள்தானே தாய் தேப்பன் இடத்திலை இருக்கப் போறியள் மச்சாள். நான் வீட்டிலை இருந்து விளக்கைப் பாக்கிறன்."

"விளக்குக்குக் கால் முளைச்சு ஓடப் போகுதோ? வாரும்."

மச்சாளின் மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். "அம்மா வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன். மாப்பிள்ளையைத் தனிய இருந்து தாலி கட்டச் சொல்லுங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண் கலங்கியிருந்தது. தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படி ஏறும்?

அடுத்த நாள் நான் வெட்கத்தை விட்டுவிட்டு நல்லூரில் முகப்பூச்சு விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

"ஆருக்கம்மா? மோளுக்கோ?" என்று கடைப் பிள்ளை கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, ஒரு நெத்திக்கு."

அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெட்டி பெட்டியாகத் திறந்து தன் கையில் பூசிக் காட்டினாள். எல்லாம் பால், தந்தம், ரோசாப்பூ நிறங்கள். "எங்கடை நிறத்திலை ஒண்டும் வாறேல்லையம்மா. எல்லாம் வெள்ளையாக்கிறதுக்குத்தான் செய்யினம்" என்றாள். மச்சாளின் தொல்லையே வெள்ளைதான் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

கனடாவிலிருந்து என் மகள் அனுப்பியதில் இரண்டு பூச்சு இருந்தது. ஒன்று செங்கல் நிறம், மற்றது காய்ந்த பனையோலை நிறம். ஒன்றும் தனியாக யாருடைய முகத்துக்கும் ஆகாது. இரண்டையும் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தேன். அது மச்சாளின் புருவத்துக்கு வழிந்தது. எண்ணெயை விட்டுவிட்டு முகத்துக்குப் பூசும் கிறீம் சேர்த்து, பஞ்சால் ஒற்றி, மேலே பவுடர் போட்டேன். அறைக்குள் நன்றாக இருந்தது வெளியில் மஞ்சளடித்தது. கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெயிலில் வைத்து, செங்கல் நிறத்தைத் துளித் துளியாகக் கூட்டினேன். ஒரு கிழமை இப்படிப் போனது. ஏழாம் நாள் கண்ணாடியைக் கொடுத்தபோது மச்சாள் நெற்றியில் வட்டத்தைத் தேடினாள்.

"எங்கை மச்சாள் அது?"

"எனக்கென்ன தெரியும்? நேற்று உங்கைதான் இருந்தது."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

கல்யாணத்தன்று மச்சாள் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தாள். நாங்கள் மணவறையில். பிள்ளையார் பூசை முடிந்து திருநீற்றுத் தட்டு சுற்றி வந்தது. ஒரு கிழமை ஒத்திகை பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் திருநீறு மறந்துபோனது. ஒரு வருடப் பழக்கத்தில் மச்சாளின் மூன்று விரலும் தாமாக எழுந்தன. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அழுத்தி இழுத்தாள். பூச்சு விரலோடு வந்துவிட்டது. வியர்வையில் திருநீறும் பிடிக்கவில்லை. நடு நெற்றியில் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மச்சாள் விரலைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் நெற்றியைப் பொத்திக்கொண்டு எழும்பி வாசலை நோக்கி நடந்தாள். பெண் அதைக் கண்டுவிட்டு மணவறையில் பாதி எழும்பிவிட்டாள்.

நான் நாலு பேருக்கு முன் வாய் திறக்காத ஆள். என்னவோ அன்று எழும்பினேன். பூச்சைக் குழைத்து வைத்த சின்னத் தகரப் பேணி என் கைப்பையில் இருந்தது. வாசலில் மச்சாளின் கையைப் பிடித்துத் திருப்பி, கிடந்த கதிரையில் இருத்தினேன்.

"விடுங்கோ மச்சாள், சனம் பாக்குது."

"பாக்கட்டும். கண்ணை மூடும்."

"நல்ல நேரம் போகுதெல்லோ" என்று ஐயர் ஒலிவாங்கியில் சொன்னார்.

"போகாது ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் பெண். பிறகு என்னைப் பார்த்து, "மாமி, வடிவாய்ப் பூசுங்கோ, நான் இருக்கிறன்" என்றாள்.

பேணியைத் திறந்து பஞ்சால் ஒற்றத் தொடங்கினேன். வீடியோக்காரர் என்ன நினைத்தாரோ, விளக்கை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். நல்ல வெளிச்சம் கிடைத்தது என்று நான் ஒற்றி முடித்தேன். அவசரத்தில் செங்கல் நிறம் கொஞ்சம் கூடிவிட்டது. படத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். தாலி ஏறியபோது மச்சாள் மணவறைக்குப் பக்கத்தில் நின்று பூப் போட்டாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருத்திக்கு நாற்பது வயதிருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் பொட்டை மெல்லக் கழற்றினாள். கீழே அதே வட்டம், சின்னதாக. "நீங்கள் பூசினது என்னெண்டு எழுதித் தருவியளோ அம்மா?" என்று கேட்டாள். மற்றவள் பொட்டைக் கழற்றவில்லை. தனக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தோலைக் கெடுக்காத பசையில் பொட்டுச் செய்யுங்கள். கெட்டுப்போன தோலுக்கு எங்கள் நிறங்களில், வியர்வைக்கும் மூன்று விரலுக்கும் அசையாத ஒரு பூச்சுச் செய்யுங்கள். அது வரும்வரைக்கு என் கலவை: பனையோலை நிறம் மூன்று பங்கு, செங்கல் நிறம் ஒரு பங்கு, கிறீம் கடுகளவு. மூன்றோ இரண்டோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வெளுத்த தோலில் இதை நாள்தோறும் பூசலாமா என்று டொக்டரிடம் கேட்கவும் இல்லை. விஷயம் தெரிந்த யாராவது இரண்டையும் பார்த்துத் திருத்திவிடுங்கள். பிழையானதை அந்தப் பிள்ளைகள் நெற்றியில் பூசிவிடக் கூடாது.