மட்கார்டு போட்ட சைக்கிள்

போன வாரம் வீட்டுமனை பார்க்கப் போனேன். கடம்பூர் ஸ்டேஷனுக்கு எங்கள் ஊர் வண்டிப்பாதை வந்து சேர்ந்த அதே இடம். முந்தின நாள் தூறல். நாலு எட்டு வைப்பதற்குள் கரிசல் மண் அப்பி, செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி கனத்தது. புரோக்கர் பதறிவிட்டார்.

“பயப்படாதீங்க அண்ணாச்சி. அடுத்த வாரம் செம்மண் அடிச்சிருவோம். இந்தச் சனியன் இருந்த தடமே தெரியாது.”

சனியன் என்பதெல்லாம் மரியாதை. நான் இதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் ஊரில் காய்ந்துகொண்டிருந்தவனுக்கு மதுரையிலிருந்து ஒரு இண்டர்வியூ கார்டு. வேலை கிடைத்த மறுநாளிலிருந்துதான் வாழ்க்கை தொடங்கும், சந்தோஷமும் அங்கேதான் காத்திருக்கிறது என்று தீர்மானமாக நம்பிய வயசு. அதுவரை நடந்ததெல்லாம் ஒத்திகை!

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் சைக்கிள் மட்கார்டுகளைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் சேறு உள்ளே அடைத்துச் சக்கரம் நகராது. நானோ வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்கக்கூடாதென்று கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவற்றை இறக்கி மாட்டினேன். அப்பா பார்த்தார்.

“ஏலே, எடுத்துப்போடு. வானம் ஒரு மாதிரியா இருக்கு.”

“ரெண்டு மாசமா ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்றேன். படித்தவன் அல்லவா.

விடிகாலையில் கொட்டித் தீர்த்தது. ஸ்டேஷனுக்கு மூன்று மைல் பாதை. பாதி வழியில் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினேன், பத்தடி உருண்டது, மறுபடி நின்றது. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த பேச்சியக்கா, பக்கத்துப் புஞ்சைக்காரி, நின்று சிரித்தாள்.

“நீ சைக்கிள்ல போறியா, சைக்கிள் ஒன்மேல போவுதா? போட்டுட்டு ஓடுலே, ரயிலு வந்திரும்!”

“வீட்டுக்கு ஒரே சைக்கிளுக்கா. எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?”

“இந்தச் சகதியில ஒன்னத் தவிர எவன்லே தூக்குவான்?”

நியாயமான கேள்வி. ஆனாலும் போட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. பாசஞ்சர் புகைவிட்டுக்கொண்டு போவதைச் சைக்கிள் சட்டத்தின் ஊடாகத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா வரப்பில் முழங்கால் சேற்றோடு நின்றார். அப்படியொரு சிரித்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

“பேஞ்சிட்டுல்லாலே! மூணு நாள்ல மண்ணு விதைப்புக்கு ஆயிரும். ஆளுக்கு என்ன செய்யன்னு நெனச்சேன், நீ வந்துட்ட.”

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விதைத்தேன். பிறகு களை, பிறகு அறுப்பு. மூன்று வருஷம் கழித்துத்தான் வேறெங்கோ ஒரு வேலை கிடைத்தது. அங்கேயும் சந்தோஷம் எனக்காகக் காத்திருக்கவில்லை. எது சரியில்லாமல் போனாலும், “அன்னைக்கு அந்தச் சேறு மட்டும் இல்லேன்னா...” என்று ஆரம்பித்துவிடுவேன். சைக்கிளைக் கீழே போட எனக்குக் கை இருந்தது என்பதைச் சொல்லவே மாட்டேன்.

இன்று அப்பா இல்லை. சைக்கிள் இல்லை. பாதை இருந்த இடத்தில் வரிசையாக மனைக் கற்கள். குற்றம் சாட்ட எனக்கு மிச்சமிருந்தது இந்தச் சேறு ஒன்றுதான். அதையும் இந்த வாரம் செம்மண் அடித்து மூடிவிடுவார்களாம்.