என் நாடக நோட்டீசில் குத்துவிளக்கு

அச்சகக்காரத் தம்பி என்னுடைய தனிநாடக நோட்டீசுக்குக் கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் போட்டு, மரண அறிவித்தல் மாதிரி அடித்துவிட்டார். என்னைக் கேட்காமலே திருகோணமலை முழுக்க ஒட்டியும் விட்டார்.

நாளை நாடகம். ஒரு ரிக்கெற்றும் போகவில்லை.

இன்று மூதூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மதிலில் என் படத்தைக் காட்டினார்.

"பாவம் மனுசன். கடலுக்குப் போனவர் வரேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் கதைக்கினம். இறங்குதுறையில இடது கால் செருப்பு மட்டும் கிடந்ததாம்."

அந்தச் செருப்பு என் நாடகத்தின் கடைசிக் காட்சி. நோட்டீசில் அது இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தனியே ஒத்திகை பார்த்தனான், ஒருவருக்கும் சொன்னதில்லை.

"ஐயா, அது நான்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தார். அடுத்த ஹோல்ட்டில் இறங்கிவிட்டார்.

அச்சகத் தம்பி இன்றைக்கே விளக்கை எடுத்துவிட்டு வேறு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். மண்டபக்காரர் வாசலில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடியை அவிழ்க்க வேண்டும். இங்கே என் முகநூல் பக்கத்தில் அனுதாபம் எழுதுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு நாளைக்கு ரிக்கெற் எடுத்து வர வேண்டும்.

செருப்புக் கதையை முதலில் சொன்னது ஆர் என்று தெரிந்தவர் கீழே எழுதுங்கள். நான் இல்லை.