கல்லில் இருப்பதை மட்டும் படமெடுத்தவர்

கமலா டீச்சர் இறந்த செய்தி, எங்கள் பாடசாலைப் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முதலில் கும்பிடும் கைகளைப் போட்டவர், அவருக்குச் 'சுடுகாட்டு டீச்சர்' என்று பட்டம் வைத்த அதே மனிதர். நான் எதையும் போடவில்லை. அங்கே எழுத மனம் வராததை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் வாசிக்கட்டும்.

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் அவர் கணிதமும் நான் வரலாறும் படிப்பித்தோம். ஓய்வு பெற்றதும் அவர் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் முன்னோர் எந்தத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்கள் என்று போனில் கேட்பார்கள். டீச்சர் பஸ் ஏறிப் போய், தேயிலைக்குள் மறைந்த கல்லறையைத் தேடிப் படமெடுத்து அனுப்புவார். தன் பாட்டனாரைத் தேடப் போய்த்தான் இதைத் தொடங்கினார். அந்தக் கல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பது நம்மவர் வழக்கம். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்த நாளில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னா டீச்சர், பொம்பள அங்கயெல்லாம் போறீங்க? பேய் புடிச்சிக்கிட்டா?"

"முப்பது வருசம் ஒம்பதாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். எந்தப் பேய் கிட்ட வரும்?"

மலையே சிரித்தது. ஒருத்தி முன்னால் நடந்து புதரை விலக்கி வழிகாட்டினாள். "எங்களையும் இப்பவே ஒரு போட்டோ புடிச்சி வச்சிருங்க. பொறகு கல்லு வைக்க ஆளு இருக்குமோ என்னமோ" என்றாள். டீச்சர் உடனே எடுத்தார். அவள் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

வேலையில் கறாரானவர். கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவே விடமாட்டார். தண்ணீர் ஊற்றித் துணியால் ஒற்றி எடுப்பார். பிறகு, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்மேல் விழச் செய்தால், தேய்ந்த எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். கூடப் போகும் நாட்களில் கண்ணாடி பிடிப்பது என் வேலை.

அப்படித்தான் ஒருநாள் என் அப்பாவின் கல்லறைக்குப் போனோம். அதைக் கட்டியவர் என் அண்ணன். நான் வேறு சாதியில் கல்யாணம் செய்த நாளிலிருந்து என்னோடு பேசாதவர். கல்லில் 'அன்பு மக்கள்' என்பதற்குக் கீழே மூன்று பெயர்கள். நாங்கள் நான்கு பேர். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் நானே பிடித்த வெளிச்சத்தில் அந்த மூன்றும் பளிச்சென்று தெரிந்தபோது கேட்டுவிட்டேன்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல இந்தப் படத்துல என் பேரையும் சேத்துருங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"கல்லுல இருக்கிறதத்தான் சார் எடுப்பேன். இன்னைக்கு உங்களுக்காகச் சேத்தா, நாளைக்கு உங்க அண்ணன் வந்து இன்னொரு பேர எடுக்கச் சொல்லுவாரு."

திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பிறகு இரண்டு மாதம் அவர் போனையும் எடுக்கவில்லை. என்னை விலக்கிய அண்ணனோடு அவரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டேன். அவரோ ஒன்றும் நடக்காததுபோல், "சனிக்கிழமை வெயில் அடிக்கும்போல இருக்கு, வாங்க சார்" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் போனேன்.

அடக்கம் முடிந்தபின் அவர் மகள் படங்கள் ஒட்டிய ஒரு கொப்பியையும் அந்தக் கண்ணாடியையும் என் கையில் தந்தார். கொப்பியில் ஒவ்வொரு படத்தின் கீழும் டீச்சர் குறிப்பு எழுதியிருந்தார். என் அப்பாவின் பக்கத்தைப் புரட்டினேன். நாங்கள் போன அதே நாளின் தேதி. நான் கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எழுதியிருக்கிறார்:

"கல்லில் மூன்று பெயர்கள். இவருக்குப் பிள்ளைகள் நான்கு பேர். நான்காமவர் இந்தப் படத்துக்குக் கண்ணாடி பிடித்தார்."

அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி டீச்சர் ஒருநாளும் சொன்னதுமில்லை. அவர் விட்டுப்போனவற்றில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பக்கம். என் அப்பாவுக்கு நான்கு பிள்ளைகள் என்று உலகத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர், யாருக்காகவும் பொய் எழுதாதவர்.