மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

ஏ.எஸ்.ஓ. பரிசோதனை என்றால் ஏதோ பெரிய இயந்திரம் செய்கிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். மேடவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் லேபில் அதை இன்றைக்கும் கையால்தான் செய்கிறேன். கறுப்பு அட்டையில் ரத்தத்திலிருந்து பிரித்த நீர் ஒரு சொட்டு, பால் மாதிரி ஒரு மருந்து ஒரு சொட்டு. குச்சியால் கலந்து இரண்டு நிமிடம் ஆட்ட வேண்டும். ரவை ரவையாகத் திரிந்தால், தொண்டையைப் பிடிக்கிற ஒரு கிருமி கக்கிய நஞ்சை எதிர்த்து உடம்பு சமீபத்தில் சண்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். திரியாவிட்டால் நார்மல். அந்த இரண்டு நிமிடத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் வள்ளென்று விழுவேன். வேலையில் அத்தனை கறார். வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பதினோரு வயது. முந்தின வருடம், அதே தொண்டைக் கிருமி கிளப்பிவிடுகிற வாதக் காய்ச்சலில் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தவள். இதயத்திலும் லேசாகக் கை வைத்துவிட்டுத்தான் அது போயிருந்தது. திரும்ப வந்தால் வால்வு கெட்டுவிடும் என்று, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருபத்தோரு வயது வரை. இடுப்பில் போடுகிற ஊசி. போட்ட அன்றைக்கு முழுக்கக் காலை இழுத்துத்தான் நடக்க வேண்டும்.

டாக்டர் சீட்டு இல்லை. எங்கள் பக்கம் அது சகஜம்தான். மளிகை வாங்குவது போல வந்து நின்று டெஸ்ட் கேட்பார்கள்.

"பூச்சி இன்னும் ரத்தத்துல கீதான்னு பாத்து சொல்லுக்கா" என்றாள்.

பார்த்தேன். திரியவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. விளக்கம் சொல்லக் கூடாது என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குள் இருக்கிற பெரிய மனுஷி விழித்துக்கொண்டாள்.

"நார்மல்மா. ஒண்ணும் இல்ல. நிம்மதியா போங்க."

பரிசோதனையில் பிழை இல்லை. ஊசி காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, புதிதாகக் கிருமி தொற்றவில்லை, அவ்வளவுதான் அந்த நார்மலுக்கு அர்த்தம். ஊசியை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. நல்ல சேதி சொன்ன திருப்தியில் மதியச் சாப்பாடுகூட நன்றாக இறங்கியது.

எட்டு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். வாசலில் இரண்டே படி. அதை ஏறுவதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியது. இந்த முறை சீட்டு இருந்தது. அட்டையை ஆட்ட ஆரம்பித்து அரை நிமிடம் ஆகவில்லை, சொட்டு திரிந்துவிட்டது. அட்டையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஊசி போட்டுட்டுதானே இருக்கீங்க?"

"இல்லக்கா. நீதான அன்னிக்கு ஒண்ணும் இல்லன்ன. அத்தோட நிறுத்திட்டேன்." அவள் குரலில் குறையே இல்லை. "நடுவுல ஒருவாட்டி தொண்ட வலிக்குதுன்னா. இப்ப வால்வு போயிடுச்சுன்றாங்க. ஆப்ரேசனாம். இப்பவும் பாத்து நல்லதா சொல்லுக்கா."

வேறு சாம்பிளைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் கூசுகிறேன்.

"நான் சொன்னது தப்பும்மா. நார்மல்னா ஊசிய நிறுத்தலாம்னு அர்த்தம் இல்ல. அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"போட்டுகினே இருந்தா இது வந்திருக்காதா?"

"பெரும்பாலும் வந்திருக்காது."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஊசிக்கு அவ ஒரு நாளும் அழுததில்லக்கா. போட்டுக்கறேன்னுதான் சொன்னா. அவ காலை இழுத்துகினு நடக்கறத என்னாலதான் பாக்க முடியல. போதும்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு தேடிகினே இருந்தேன். நீ சொன்ன."