கொலுவை ஜூம் செய்து பார்த்தவர்கள்

இந்த வருஷம் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைக்கவில்லை. நேற்று எங்கள் கட்டடத்து வாட்ஸப் குழுவில் கொலுவின் படத்தைப் போட்டு, "சாயங்காலம் எல்லாரும் வாங்க" என்று எழுதினேன்.

முப்பத்தெட்டு இதயங்கள் வந்தன.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒன்பது மணி வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

இன்று காலை லிஃப்ட்டில் மூன்றாம் மாடி ராதிகாவைப் பார்த்தேன்.

"மாமி, உங்க கொலு ஏக்தம் சூப்பர். ஒவ்வொரு பொம்மையா ஜூம் பண்ணிப் பார்த்தோம். புனேல அம்மாவுக்கும் ஃபார்வர்ட் பண்ணேன்."

"நேர்ல வந்திருக்கலாமே. சுண்டல் நிறைய மீந்துபோச்சு."

"அதான் பார்த்தாச்சே மாமி. ஒண்டியா இருக்கீங்க, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள். நான் தலையாட்டினேன். அந்தத் தொந்தரவுக்காகத்தான் கொலுவே வைத்தேன் என்று லிஃப்ட்டில் எப்படிச் சொல்வது?

இன்று கொண்டைக்கடலை ஊறுகிறது. படம் போடப்போவதில்லை. செம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஆறு மணிக்கு மேல் வரலாம்.

இந்தப் பதிவுக்கு லைக் போடாதவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். சரிதானே?